மஞ்சள் சுவிட்ச்

எனக்குச் சிரிப்பு சீக்கிரம் வந்துவிடும். பள்ளிக்கூடத்தில் பாதி நாள் வகுப்புக்கு வெளியேதான் நின்றிருக்கிறேன். இதைச் சொல்லும்போது நடுவில் சிரித்துவிட்டால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அது என் சுபாவம்.

குழந்தைகளுக்கு ஹிப்னாடிச சிகிச்சை கொடுப்பது என் தொழில். ஊசி பயம், நகம் கடிப்பது, படுக்கையை நனைப்பது, காரணம் தெரியாத வலி, இவைதான் என்னிடம் வரும். கடிகாரத்தை ஆட்டுவதெல்லாம் கிடையாது. ஒரு சாய்வு நாற்காலி, ஒரு மின்விசிறி, என் குரல், அவ்வளவுதான் சரக்கு. பெரியவர்களை அந்த நிலைக்குக் கொண்டுபோவதற்குள் நாக்குத் தள்ளிவிடும். குழந்தைகளோ பாதிக் கனவில்தான் உள்ளேயே வருவார்கள். "உன் வயித்துக்குள்ள ஒரு சுவிட்ச் இருக்கு. என்ன கலர்?" என்று கேட்டால் போதும், பட்டென்று பதில் வரும். ஒருத்தி தன் சுவிட்சுக்கு மீசை இருக்கிறது என்றாள். அன்றைக்கு முழுக்க எனக்குச் சிரிப்பு நிற்கவில்லை. அடுத்து வந்தவர்கள் என்னைப் பார்த்துப் பயந்தே போனார்கள்.

இதில் ஆபத்து உண்டா என்று கேட்டீர்கள். ஒழுங்காகச் செய்தால் பெரிதாக ஒன்றுமில்லை. கடைசியில் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். "புதுசா ஒரு வலி வந்தா இந்த சுவிட்ச் வேலை செய்யாது. உடனே அம்மாகிட்ட சொல்லணும்." பயிற்சியில் இதை எங்களைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார்கள். முதல் வருஷம் நானும் சிரத்தையாகச் சொன்னேன். ஆனால் அதைக் கேட்டதும் குழந்தையின் நெற்றி சுருங்கும். புது வலியா, எப்போ வரும், எங்கே வரும் என்று யோசிக்க ஆரம்பித்துவிடும். அதுவரை பூரித்துக் கிடந்த முகம் அப்படியே வாடிவிடும். ஒருநாள் சொல்லாமல் விட்டுப் பார்த்தேன். அந்தக் குழந்தை படியில் குதித்துக் குதித்து இறங்கிப் போனது. அதற்கப்புறம் அந்த வாக்கியத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை.

பஸ் கண்டக்டரம்மா தன் மகளைக் கூட்டி வந்தது அந்தச் சமயத்தில்தான். தோளில் டிக்கெட் பை, காலில் அவசரம். மகளுக்கு ஒன்பது வயது, வீட்டில் அவளை வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள். காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போதெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவாள். "ஸ்கேன் வரைக்கும் எடுத்தாச்சு மேடம், ஒண்ணுமே இல்லைங்கறாங்க. இவளால தினமும் எனக்கு முதல் ட்ரிப் போயிடுது." வாயாடியின் சுவிட்ச் மஞ்சள். மூன்றாவது தடவையில் அது ஆஃப் ஆகிவிட்டது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், நான் சிரித்தேன், வாயாடி இரண்டையும் சேர்த்துச் செய்தாள். சத்தம் கேட்டுப் பக்கத்து அறைப் பல் டாக்டர் எட்டிப் பார்த்தார். அவ்வளவு சந்தோஷத்தை நான் வேறு எதிலும் கண்டதில்லை.

நாலு மாதம் கழித்து ஒரு காலையில் கண்டக்டரம்மா போன் செய்தாள்.

"நேத்துலேர்ந்து வாந்தி மேடம், காய்ச்சல் கொதிக்குது. வயிறு வலிக்குதான்னு கேட்டா இல்லைன்னு சிரிக்கிறா. ஆனா குனிஞ்சு குனிஞ்சு நடக்கிறா. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகட்டுமா?"

சுவிட்ச் புது வலியையும் சேர்த்து அடக்கி வைத்திருக்கிறது என்று எனக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. இதைப் புரிந்துகொள்ள டாக்டருக்குப் படித்திருக்க வேண்டியதில்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போனால் இவளுக்கு ஏன் வலிக்கவில்லை என்று கேட்பார்கள். பேச்சு சுவிட்சுக்கு வரும், அங்கிருந்து நான் சொல்லாமல் விட்ட வாக்கியத்துக்கு வரும். போனை மகளிடம் கொடுக்கச் சொன்னேன்.

"ஆன்ட்டி, சுவிட்ச் லேசா மேல வருது."

"அழுத்திப் பிடிச்சுக்கோ. நீதான் கெட்டிக்காரியாச்சே."

களுக்கென்று சிரித்தாள். "பிடிச்சிட்டேன் ஆன்ட்டி."

அம்மாவிடம், "வலி இல்லைன்னா வயித்துல ஒண்ணும் இல்லைம்மா. தண்ணி நிறைய குடுங்க, தூங்கட்டும்," என்றேன். அவள் என்னை நம்பினாள். லீவு போட்டுவிட்டு மகளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். மறுநாள் மதியம் மகள் கண்ணைத் திறக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியும் பிழைக்கவில்லை. குடல்வால் வெடித்துச் சீழ் வயிறு முழுக்கப் பரவியிருந்ததாம். ஒருநாள் முன்னால் வந்திருந்தால் சாதாரண ஆபரேஷன் என்று சர்ஜன் சொன்னாராம்.

மறந்துபோய்விட்டது என்று எழுதிக் கொடுக்கச் சொல்கிறார் வக்கீல். நான் மறக்கவில்லை. தெரிந்துதான் அந்த வாக்கியத்தை விட்டேன், தெரிந்துதான் போனில் அப்படிச் சொன்னேன்.

மற்ற குழந்தைகளின் விலாசத்தைக் கேட்கிறீர்கள், இன்ஸ்பெக்டர். முப்பத்தேழு பேர். கார்டுகளை எல்லாம் கிழித்துத் தண்ணீரில் ஊறப் போட்டுவிட்டேன். பெயர்கள் எனக்கு மனப்பாடம், ஆனால் தர மாட்டேன். நீங்கள் வீடு வீடாகப் போய் அவர்களைப் பயமுறுத்துவீர்கள். அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை, ஓடி விளையாடிக்கொண்டிருக்கிறார்கள்.

பெரிய ஆட்களே அந்த வலியில் கூரை பிய்ந்துபோகக் கத்துவார்களாம். வாயாடி ஒரு முனகல்கூட முனகவில்லை என்று அவள் அம்மாவே உங்களிடம் சொல்லியிருக்கிறாள். குற்றத்தை என் பெயரில் எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கடைசிவரை விடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது அந்தக் குழந்தையின் கெட்டிக்காரத்தனம். அந்தப் பெருமையை நான் எடுத்துக்கொள்வது நியாயமில்லை.