தெறந்து பார்த்தா போட்டதாகிடுமா?

காஞ்சு போச்சுன்னு எவ்வளவு சாதாரணமா சொல்றே... நெயில் பாலிஷ் இப்படிக் காயலாமா? நல்லா கவுத்துப் பாரும்மா. ஒரு சொட்டு இறங்குதா? பிரஷ்ஷு குச்சியாட்டம் நிக்குது. உங்க கடைல வாங்குனதுதான், அடியில ஸ்டிக்கர் இருக்கு.

எத்தனை வருஷமாச்சா? மூணு. சரி, மூணே முக்கால். அதுக்கென்ன இப்போ? நான் ஒரு தடவை கூடப் போடல! சத்தியமா ஒரு நகத்துல கூட வைக்கல. போடாத நெயில் பாலிஷ் எப்படிப் பழசாகும்? உடுத்தாத துணி நைஞ்சு போகுமா?

ஆமா, பார்த்தேன். மூடி தெறந்த டப்பா படம், உள்ள இருபத்திநாலு. எனக்கும் படிக்கத் தெரியும். இருபத்திநாலு மாசம் தாங்கும்னு அர்த்தம். போட ஆரம்பிச்ச பிறகுதானே மாசம் ஓடணும்?

ரிமூவரா? அதையும் விட்டுப் பார்த்தாச்சு. எங்க தையல் கடை முதலாளியம்மா ரெண்டு சொட்டு விடச் சொன்னா. அந்தம்மா பேச்சைக் கேட்டு எது உருப்பட்டுச்சு? மேல தண்ணி, கீழ கல்லு.

எங்க அக்கா வாங்கிக் குடுத்ததும்மா இது... அதான் விஷயமே. அவளுக்கொண்ணு, எனக்கொண்ணு, ஒரே சிவப்பு. நாள் பூரா ஊசி குத்து வாங்கற விரலுக்கு இதெல்லாம் எதுக்கு? ஒரு நல்ல நாளைக்குப் போட்டுக்கலாம்னு பீரோல வச்சேன். அதைப் பார்த்துட்டு அவ ஆரம்பிச்சா. "உனக்கு எதையும் அனுபவிக்கத் தெரியாதுடி. இதையும் பூட்டி வச்சே காய விடுவே." கூடப் பொறந்தவ பேசற பேச்சா அது? எனக்குச் சுருக்குன்னுச்சு. "காயலைன்னா என்னடி பண்ணுவே?"ன்னேன். வார்த்தை தடிச்சுப் போச்சு. அன்னிக்கு நின்ன பேச்சு.

போன வாரம் திடீர்னு போன் பண்றா. இன்னிக்கு நாலு மணிக்கு வராளாம். குரலைக் கேட்டதும் அழுதுட்டேன், பொய் சொல்வானேன். ஆனா வாசப்படி ஏறினதும் அவ முதல்ல என் கையைத்தான் பார்ப்பா. எனக்குத் தெரியாதா அவளை!

நானா பத்திரமா வச்சுக்கல? வெயில் படாம, துணியில சுத்தி, மேல் தட்டுல வச்சேன். ஞாயித்துக்கிழமையானா தவறாம எடுத்து, மூடியைத் தெறந்து, பிரஷ்ஷைத் தூக்கிப் பார்த்து, அப்பாடா காயலைன்னு... என்ன? ஏன் சிரிக்கறே? தெறக்கறப்பல்லாம் உள்ள காத்து போகுமா? தெறந்து பார்த்தா போட்டதாகிடுமா?

ஓ.

வாராவாரம்... மூணே முக்கால் வருஷம். அப்போ நானேதான் காய விட்டிருக்கேன். அவ சொன்ன மாதிரியே. நல்லா வேணும் எனக்கு.

சரி, அதே சிவப்புல ஒண்ணு எடு. ஆங், இதேதான். இங்கயே போட்டு விடறியா? ஐய, வேணாம் வேணாம்! புத்தம் புதுசு, இதைப் போய் இப்பவே ஏன் தெறந்துக்கிட்டு... பேப்பர்ல நல்லா சுத்திக் குடு. ஒரு நல்ல நாளைக்கு...

ஏன் அப்படிப் பார்க்கறே? மணி என்ன? மூணா?

...தெற. பத்து விரலுக்கும் போடு. ஏய், மெல்ல மெல்ல! கொஞ்சமா தொடும்மா, எவ்வளவு எடுக்கறே!