ஊதா விளக்கின் கீழ்

கிளிநொச்சி,
14.05.1980

டாக்டர் தில்லைநாதன் ஐயாவுக்கு,

அன்று பரிசோதனை அறையில் நால்வர் இருந்தோம். நீங்கள் யன்னலோரக் கதிரையில். நெஞ்சு நோவென்று வந்த ஏரம்பு கட்டிலில், அவர் கால்மாட்டில் மனைவி கமலாட்சி. நான் ஊதா விளக்கின் முன்னால், என் முக்காலியில்.

வெளியே வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போக வான் வண்டி நின்றது. இதயத்தசை பழுதுபட்டால் இரத்தத்தில் ஒரு பொருள் கசியும். நம் பரிசோதனைத் தூளை அந்த இரத்தத்தில் கலந்து விளக்கின் கீழ் வைத்தால் நீலமாக ஒளிரும். ஒளிர்ந்தால் வான். இல்லாவிட்டால் வீடு. என்னை நம்பி நீங்கள் செய்த ஒழுங்கு அது.

"என்ன மாதிரி, செல்வநாயகம்?" என்றீர்கள்.

"ஒளி இல்லை, ஐயா."

"பாத்தியே, என்ர நெஞ்சில ஒண்டுமில்லை. எல்லாம் உன்ர புளிக்குழம்பு செய்த வேலை," என்றார் ஏரம்பு.

"ஓம், ரெண்டாந்தரம் கேட்டு வாங்கேக்க அது தெரியேல்லையாக்கும்," என்றார் கமலாட்சி.

மறுநாள் வயலில் தண்ணீர் திருப்பும்போது அவர் விழுந்து இறந்தார். விடுமுறையில் யாழ்ப்பாணம் போன நீங்கள், எப்படி நடந்தது என்று எழுதிக் கேட்டிருந்தீர்கள்.

தூள் கொழும்பிலிருந்து ஐஸ் பெட்டியில் ரயிலில் வரும். பங்குனியில் ரயில் இரண்டு நாள் பிந்தியது. பெட்டிக்குள் ஐஸ் இல்லை, வெதுவெதுப்பான தண்ணீர்தான். பற்றுச்சீட்டில் 'குளிராகக் கிடைத்தது' என்று வழக்கம்போல எழுதிக் கையொப்பமிட்டேன்.

ஒவ்வொரு தடவையும், மாரடைப்பு வந்ததென்று உறுதியான ஒருவரின் இரத்தத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அது ஒளிர்ந்தால்தான் தூள் நல்லது. பெட்டி வந்த அன்றே வைத்தேன். ஒளிரவில்லை. இன்னொரு முறையும் இல்லை. பிறகு அதை வைப்பதையே விட்டுவிட்டேன், வீணாக்குவானேன்.

சொல்லியிருந்தால் புதுத் தூள் வரும்வரை நீங்கள் பழையபடி நாடி பிடித்துப் பார்த்து ஆட்களை வவுனியாவுக்கு அனுப்பியிருப்பீர்கள். "என்ன மாதிரி, செல்வநாயகம்?" என்று ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். நாற்பத்தொரு வயதில்தான் அந்தக் கேள்வி எனக்குக் கிடைத்தது.

ஏரம்புக்கு முன் இந்தத் தூளில் பார்த்து வீட்டுக்கு அனுப்பியவர்கள் ஏழு பேர். அவர்களில் மூவர் இப்போது இல்லை. நான் பொய் எழுதவில்லை, ஐயா. ஒளி தெரியவில்லை, தெரியவில்லை என்றே எழுதினேன்.

இன்று காலை பூநகரியிலிருந்து வீரம்மா வந்தார். இடது கை உளைகிறதாம், வியர்த்துக்கொண்டிருந்தார். ஒளி இல்லை என்றதும் என்னைக் கும்பிட்டார். நானே ஊருக்குப் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். தந்தி கொடுக்குமளவுக்கு இதில் அவசரம் ஒன்றுமில்லை; உறையை ஒட்டிச் சாதாரணத் தபாலிலேயே சேர்க்கிறேன்.

இப்படிக்கு,
செல்வநாயகம்