ஒரு வகுப்புக்கே ஒரே குடை

அவைக்கு அழகு சேர்க்கும் தலைமை ஆசிரியை அம்மையார் அவர்களே, அறிவூட்டும் ஆசிரியப் பெருமக்களே, முன்வரிசையில் முழங்கால் வலியோடு அமர்ந்திருக்கும் மூத்தோர்களே, மடியில் ஒன்றும் மனத்தில் ஒன்றுமாகப் பிள்ளைகளைச் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே, எப்போது முடியும் என்று கதவோரம் சாய்ந்து நிற்கும் தந்தைமார்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

நன்றியுரை சொல்லத்தான் என்னை அழைத்தார்கள். "ரெண்டே வார்த்தை போதும் பாட்டி" என்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து வந்து மறுபடியும் அதையே சொன்னார்கள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனால் நின்ற இடத்தில் நிமிர்ந்து நின்றவள்.

வரும் வழியில் இரண்டாம் வகுப்புச் சுவரைப் பார்த்தீர்களா? 'மழை வந்தால் என்ன செய்வாய்? உன் சொந்த எண்ணத்தை எழுது.' கேள்வி அழகு. எழுதிய கைக்குத் தங்க வளையல் போடலாம். பதில்? குடை பிடிப்பேன். குடை பிடிப்பேன். குடை பிடிப்பேன். சுவர் முழுக்கக் குடை. ஒரு பிள்ளைக்குக் கூடவா நனைய ஆசையில்லை? ஒரு பிள்ளைக்குக் கூடவா கப்பல் விடத் தோன்றவில்லை? சொந்த எண்ணம் எப்படி ஐயா எல்லோருக்கும் ஒரே அளவில் தைத்து வரும்?

பக்கத்து வீட்டுக் குட்டியை ஓரமாக அழைத்தேன்.

"உங்க வீட்ல குடை இருக்காடி?"

"இல்ல பாட்டி."

"அப்போ எதைப் பிடிப்ப?"

"தெரியாது. போர்டுல அதான் இருந்துச்சு."

சிரிக்கிறீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் பேத்தியின் தாள் மட்டும் சுவரில் இல்லை. அது அவள் பையில் கிடக்கிறது, குறுக்கே சிவப்புக் கோட்டோடு. அப்படி என்ன எழுதிவிட்டாள்? 'மழை வந்தால் அப்பா வேலைக்குப் போகமாட்டார். நான் அவர் முதுகில் ஏறுவேன்.' அவள் அப்பா வெளிச்சுவருக்குப் பெயிண்ட் அடிப்பவர். ஈரச் சுவரில் பெயிண்ட் நிற்காது. மழை வந்தால் எங்களுக்குக் கவலை வரும். அவளுக்கு அப்பா வருவார். இதில் எது தப்பு? மழை தப்பா, முதுகு தப்பா?

அதோ, "அம்மா, போதும், கீழ வாங்க" என்று கை காட்டுகிறான் என் மகன். நீ உக்காருடா. உன் முதுகுக்காகத்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

அந்தக் கோடு தாளோடு நின்றிருந்தால் நானும் வாயை மூடிக்கொண்டு நன்றி சொல்லியிருப்பேன். அது பிள்ளையின் நாக்கில் ஏறிவிட்டதே! இன்று காலை, "பச்சைச் சட்டையா, மஞ்சளா?" என்றேன். என் முகத்தையே உற்றுப் பார்த்தாள். "எது சரி பாட்டி?" என்றாள்.

சட்டைக்குச் சரி தப்பு உண்டா, தாய்மார்களே?

கணக்குக்கு ஒரே பதில் இருக்கட்டும், தடுக்கவில்லை. மனத்தைக் கேட்டால் மனத்தையல்லவா வாங்கிக்கொள்ள வேண்டும்? பதிலைப் போர்டில் எழுதிவைத்துவிட்டுப் பிள்ளையைக் கேட்பது கேள்வியா, கண்ணியா?

நாற்காலி போட்டவர்களுக்கு நன்றி. மைக்கை இன்னும் அணைக்காமல் இருப்பவருக்குப் பெரிய நன்றி. பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும் நன்றி, வணக்கம். பேசி முடித்தவர்கள் 'விடை பெறுகிறேன்' என்று சொல்லி இறங்குவது வழக்கம். தலைமை ஆசிரியை அவர்களே, என் பேத்தியின் தாள் அந்தச் சுவருக்கு எப்போது வரும்?

விடை பெறாமல் நான் இறங்குவதாக இல்லை.