சண்முகத்தாய் சொல்லி முடிக்கும்வரை அணையாத மடிக்கணினி

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் அன்புக்குரிய அருணாதேவி அவர்களே! முன்வரிசையில் முகம் மலர வீற்றிருக்கும் பெரியோர்களே! பட்டாசு வேலை முடித்து, கைக்கறை காயுமுன்னே ஓடி வந்திருக்கும் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்!

மடிக்கணினியின் பிராசசரைப் பற்றிப் பேசப்போகிறேன். "அது எங்களுக்கு எதுக்கு?" என்று அங்கே ஓர் அக்கா கேட்கிறார். உங்களுக்குத்தான் அக்கா, உங்களுக்கேதான்!

நம் சண்முகத்தாயை அறியாதவர் உண்டா? பட்டாசு ஆலையில் கணவரோடு வேலை பார்த்தவர்; அங்கே நடந்த வெடிவிபத்தில் கணவர் நாகையாவை இழந்தவர். கணவர் வேலை செய்த அறையின் பின்கதவு பூட்டிக் கிடந்ததைக் கண்ணால் கண்ட ஒரே சாட்சி. ஆலைத் தரப்போ, கதவு திறந்தே இருந்தது என்று சாதித்தது. விசாரணை காணொளியில். அன்று பார்த்துப் பெருங்காற்று மின்கம்பத்தைச் சாய்த்துவிட்டது! மகள் சினேகாவின் பழைய மடிக்கணினியில் பாதிச் சார்ஜுதான்; இணையம் கைபேசி வழியாக. முறை எப்போது வரும்? யாருக்கும் தெரியாது.

அழுதாளா சினேகா? அலறினாளா? இல்லை! பவர் செட்டிங்கைத் திறந்து, சார்ஜ் மெதுவாகக் கரையட்டும் என்று பிராசசரின் உச்ச வேகத்தைப் பாதியாகக் குறைத்தாள். பின்னணியில் வீணே ஓடிய செயலிகளை மூடினாள். திரையை மங்கலாக்கினாள். முறை வரும்வரை கேமராவையும் நிறுத்தினாள்.

"ஏட்டி, உள்ள ஓடுன ஃபேன் சத்தத்தைக் காணோமே! அமந்து போச்சா?" என்று பதறினார் தாய்.

"அமரலம்மா. மூச்சு வாங்க ஓடுனதை மெதுவா நடக்க விட்டிருக்கேன். நீ பதறாம பேசு."

முறை வந்தது. "அய்யா, பூட்டை நான் பாத்தேங்க. எம் புருசன் அந்தக் கதவைத் தட்டுன சத்தம் இன்னும் காதுல கேக்குதுங்க" என்றார் சண்முகத்தாய். எதிர்த்தரப்பு வக்கீல் கேள்விமேல் கேள்வி தொடுத்தார். இழுத்தார், வளைத்தார், மடக்கப் பார்த்தார். துணைக்குப் பக்கத்தில் இருந்த நான் பேட்டரிக் குறி சிவந்ததைப் பார்த்தேன். சண்முகத்தாயின் குரலோ நடுங்கவில்லை! கடைசிக் கேள்விக்கும் கடைசிப் பதில் சொன்னார். பதிவாகிவிட்டது என்றார் விசாரணை அதிகாரி. அதன் பிறகுதான், தோழர்களே, அதன் பிறகுதான் திரை இருண்டது!

அந்தச் சாட்சியம் ஏற்கப்பட்டது. பூட்டுகளை அகற்றாமல் வேலை நடக்கக் கூடாது என்று உத்தரவும் வந்தது.

வேகம் மட்டுமா வெற்றி? இருக்கும் வலுவை வேண்டிய இடத்துக்கெனச் சேர்த்து வைத்திருப்பதும் வெற்றியல்லவா? உங்கள் வீட்டு மடிக்கணினியிலும் அந்த செட்டிங் இருக்கிறது. இன்றே பாருங்கள்!

போன வாரம் அந்த ஆலைக்குப் போனேன். பின்கதவு விரியத் திறந்திருந்தது. சண்முகத்தாய் அதன் வழியே வெளியே வந்தார். சற்று நின்றார். உள்ளே போனார். மறுபடியும் வெளியே வந்தார்.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம்!