காது திறந்த மரம்

மூன்றாம் சாமம். மழை விட்டும் விடாத நேரம். ஷியாங் ஆற்றங்கரையிலிருந்து புதைமேட்டுக்கு ஏறும் பாதையில் ஒரே ஒரு பெண் நடந்து போகிறாள்... ஒரு கையில் விளக்கு. அணையாமலிருக்க அதன்மேல் ஒரு கூடை. இன்னொரு கையிடுக்கில் துணியில் சுற்றிய மூட்டை, கைக்குழந்தை அளவு. குழந்தை இல்லை. அது அழாது.

பட்டுப்புழுவுக்கு இலை போட்டாயிற்றா? அப்படியென்றால் எல்லோரும் நெருங்கி உட்காருங்கள். எங்கேயோ யாருக்கோ நடந்தது இல்லை இது. இதோ உட்கார்ந்திருக்கிறாளே பாவோ, அவளுடைய சித்திக்கு நடந்தது. பாவோ, நான் தப்பாகச் சொன்னால் திருத்து.

சித்தி பெயர் ரோங். புருஷன் ஷென், தானியக் கிடங்கு அதிகாரி. அந்த வீட்டுக்கு லியூ என்று ஒருத்தி யாழ் வாசிக்க வந்தாள். வந்தவள் திரும்பிப் போகவில்லை. அவ்வளவுதான், மீதியை நீங்களே புரிந்துகொள்ளுங்கள். இருபது வருஷம் ரோங் சமைத்தாள், அவர் சாப்பிட்டார். லியூ ஒரே ஒரு பாட்டு வாசித்தாள், அவர் அழுதார். எது வலிக்கும், சொல்லுங்கள்.

ஷென் செத்த அன்று வழக்கப்படி கூரைமேல் ஏறினார்கள். வடக்கே பார்த்து அவருடைய அங்கியை ஆட்டி, திரும்பி வா திரும்பி வா என்று மூன்று முறை கூப்பிட்டார்கள். கீழே ரோங்கும் தொண்டை கிழியக் கூப்பிட்டாள். ஒன்றுமில்லை. மூலையில் நின்ற லியூ ஒரு விம்மல் விட்டாள்... பிணத்தின் இமை அசைந்தது.

வேறு யாரும் பார்க்கவில்லை. ரோங் பார்த்தாள்.

அதைக்கூட விழுங்கியிருப்பாள். மறுநாள் பொம்மை செதுக்கும் ஹூ வந்து சேர்ந்தான், சமாதிக்குள் வைக்கிற மரப் பொம்மைகளோடு. சமையல்காரன், குதிரைக்காரன், விசிறி வீசுகிறவன். கடைசியாக ஒரு பெண். மடியில் யாழ். பட்டுத் துணி. முகம்... லியூ.

"இது யாரு?" என்றாள் ரோங், தெரிந்தே.

"ஐயா உயிரோட இருக்கறப்பவே சொல்லி வச்சதும்மா. தலைமாட்டுல வைக்கணும்னாரு."

"நான் எங்கே?"

ஹூ தலையைச் சொறிந்தான். "நீங்க எதுக்கும்மா மரத்துல? பக்கத்துலயே உங்களுக்குன்னு குழி இருக்கே. உங்க காலம் வந்ததும் நேராவே வந்துடலாமே."

உங்க காலம் வந்ததும். அது இருபது வருஷமோ, முப்பதோ. அதுவரைக்கும் அந்த இருட்டில் அவர் தலைமாட்டில் இந்த லியூ. இங்கேதான் இவள் என்றால் அங்கேயும் இவள்.

கையிலிருந்த பச்சைக்கல் வளையலைக் கழற்றி ஹூவின் முன்னால் போட்டாள். "என்னைச் செதுக்கு."

செதுக்கினான். தேவதாருக் கட்டை, கருப்பு அரக்கில் புருவம், ரோங்கின் சொந்தத் தலைமுடி. அச்சு அசல் அவளேதான். இரண்டு காது மட்டும் வெறும் புடைப்பு. துளை இல்லை.

"காது எங்கடா?"

"காது திறக்க மாட்டோம்மா. எங்க தொழில்ல யாரும் திறக்க மாட்டாங்க. கண்ணு வைக்கலாம், வாய் வைக்கலாம். காதைத் திறந்தா உள்ள இருக்கறவர் கூப்பிடறது அதுக்குக் கேட்டுடும்."

"கேட்கட்டுமே."

"அதுக்குக் கேட்டா, அந்த முகத்துக்காரங்களுக்கும் கேட்கும்மா. வேணாம்."

ரோங் சிரித்தாள். "இருபது வருஷமா அவரு என்னைக் கூப்பிட்டதே சோத்துக்குத்தான். செத்தப்புறமாவது கூப்பிடட்டும், போ."

இப்போது அந்த மழைப் பாதைக்கு வருவோம்.

காவலாளி அரிசி மது குடித்துவிட்டுப் பாய்ப் பந்தலுக்குக் கீழே குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். சமாதி இன்னும் மூடவில்லை. மூடும் உத்திரங்களை விடிந்த பிறகுதான் அடுக்குவார்கள். ரோங் ஏணியில் இறங்கினாள். மூன்று ஆள் ஆழம். நடுவே ஷென்னின் சவப்பெட்டி. நான்கு பக்கமும் ஆள் தடிமனில் மரச் சுவர்... ஈரத் தேவதாரு வாசனை, காயாத அரக்கு வாசனை. அதற்கு அடியில், மெதுவாக, இன்னொரு வாசனையும்.

தலைமாட்டு அறையில் மர லியூ உட்கார்ந்திருந்தாள். ரோங் அவள் கொண்டையைப் பிடித்துத் தூக்கினாள். கால்மாட்டில் சமையல் அறை, கருவாட்டுச் சாடிகள். அதற்கு நடுவே திணித்தாள்.

"இங்கேயே கெட. கருவாட்டுக்கு வாசி."

தலைமாட்டில் தன்னை வைத்தாள். கொண்டையிலிருந்து வெண்கல ஊசியை உருவினாள். மரக் காதில் வைத்துத் திருகினாள். கிறீச்... கிறீச்... மரத்தூள் விரலில் உதிர்ந்தது. திருகத் திருக அவள் காதுக்குள் அரித்தது. சொறிந்துகொண்டே இரண்டாவது காதையும் திறந்தாள்.

விடிந்ததும் உத்திரங்கள் இறங்கின. அதன்மேல் மரக்கரி. அதன்மேல் வெள்ளைக் களிமண். பன்னிரண்டு பேர் நின்று இடித்தார்கள். தொம்... தொம்... இனி எறும்பும் நுழையாது.

லியூ அன்றே மூட்டை கட்டினாள், அக்கரையிலிருக்கும் அண்ணன் வீட்டுக்கு.

"வரேன் அக்கா. உடம்பைப் பாத்துக்கங்க."

"போ போ. இங்கயும் உனக்கு இடமில்லை, அங்கயும் இல்லை."

லியூவுக்குப் புரியவில்லை. கும்பிட்டுவிட்டுப் போனாள்.

ஏழாம் இரவு. ரோங் படுத்திருக்கிறாள். காதுக்குள் முதலில் ஒரு சத்தம், மரம் நெட்டி முறிப்பதுபோல. பிறகு அவர் குரல். செருமிக்கொண்டு, தூக்கக் கலக்கத்தில் கூப்பிடுவாரே, அதே குரல்.

"லியூ..."

ரோங் எழுந்து உட்கார்ந்தாள்.

"லியூ... எங்கே போனே?"

விடியும்வரை அதுதான். மறுநாளும். அதற்கு மறுநாளும். கருவாட்டுச் சாடிக்கு நடுவே கிடக்கிறவளுக்குக் காது இல்லை. அவளுக்குக் கேட்காது. அக்கரையில் இருக்கிறவள் நிம்மதியாகத் தூங்கினாள். தலைமாட்டில் மரமாக உட்கார்ந்து, அந்தப் பேரை ராத்திரி முழுக்கக் கேட்கிறவள் ரோங் ஒருத்திதான்.

தேன்மெழுகை உருக்கிக் காதில் ஊற்றிக்கொண்டாள். கேட்டது. ஆற்றில் கழுத்துவரை இறங்கித் தலையை முக்கினாள். கேட்டது. "அவளுக்குக் காது இல்லைங்க! நான்தாங்க இருக்கேன்!" என்று சுவரைப் பார்த்துக் கத்தினாள். பக்கத்து வீட்டில் நாய் குரைத்ததுதான் மிச்சம்.

ஹூவிடம் ஓடினாள். "அடைச்சு விடுடா."

ஹூ அவள் காதைப் பார்க்கவேயில்லை. கீழே பார்த்துக்கொண்டே சொன்னான். "அடைக்க வேண்டிய காது மூணு ஆள் ஆழத்துல இருக்கும்மா."

அறுவடைக்கு முந்தின இரவு. மழை. மரம் நெட்டி முறித்தது. ரோங் போர்வையை வாயில் திணித்துக்கொண்டு அந்தப் பேருக்காகக் காத்திருந்தாள்.

"ரோங்."

...

தப்பாகக் கேட்டதோ?

"ரோங்."

அவள்தான். அவள் பேர்தான். எழுந்தாள். இருட்டில் தலைமுடியைக் கோதிச் சரிசெய்தாள். ஆமாம், யார் பார்க்கப் போகிறார்கள்? ஆனாலும் சரிசெய்தாள். கழுத்துப் பட்டியை இழுத்துவிட்டாள். 

"என்னங்க... இதோ இங்கதாங்க இருக்கேன்."



"இருக்கியா? நல்லதாப் போச்சு." அவர் செருமினார். "போய் லியூவைக் கூட்டிட்டு வா."

காலையில் கஞ்சி கொண்டுபோனவள் இந்தப் பாவோதான். சித்தி பாயில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், இரண்டு கையும் சட்டைக் கைக்குள். கூப்பிட்டால் திரும்பவில்லை. காதருகே வாணலியைத் தட்டினார்கள், கண்ணிமைக்கவில்லை. இன்றைக்கும் அப்படித்தான். கஞ்சி ஊட்டினால் விழுங்குகிறாள். மழை நாளில் பக்கத்தில் போனால் தேவதாரு வாசம் அடிக்கிறது. நகக்கண்ணில் வெள்ளைக் களிமண். பாவோ கழுவி விடுகிறாள், மறுநாள் மறுபடியும் இருக்கிறது. அந்தப் பாயைவிட்டுச் சித்தி நகர்ந்து மூன்று வருஷமாகிறது.

லியூ அக்கரையில்தான் இருக்கிறாள். யாழை விற்றுவிட்டாள். மழை இரவுகளில் அவள் வாசலில் காலடிச் சத்தம் கேட்காது, எதையோ இழுத்து வருகிற சத்தம் மட்டும். அப்புறம், டொக். டொக். டொக். கட்டையால் கட்டையைத் தட்டுகிற மாதிரி. லியூ திறப்பதில்லை. உள்ளேயிருந்தே அழுகிறாள். "நான் வரமாட்டேன் அக்கா... போயிடுங்க அக்கா..." சத்தம் நிற்பதில்லை. அதற்கு ஷென் கூப்பிடுகிற குரல் மட்டும்தான் கேட்கும். லியூ சொல்வது கேட்காது.

விடிந்ததும் லியூவின் அண்ணன் கதவைத் துடைப்பான். தட்டின இடத்தில் வெள்ளைக் களிமண் அப்பியிருக்கும். ஆள் நின்று தட்டுகிற உயரத்தில் இல்லை.

முழங்கால் உயரத்தில்.