ஏசி மெக்கானிக் வீட்டில் ஆமை

— பொண்ணோட ஆமைக்கு வீடு ரெடின்னீங்களே, இதுவா? இது மீன் தொட்டிதானே.

— கடையிலேயே பெரிய சைஸு. நாலு பக்கத்துலேர்ந்தும் உள்ள நடக்கறது நமக்குத் தெரியும்.

— அதுக்கும் வெளிய தெரியுமே. வழி இருக்குன்னு நெனச்சு கண்ணாடியில முட்டிக்கிட்டே கெடக்கும். பலகையில அகலமா ஒரு பெட்டி அடிச்சிருந்தா போதும்.

— டெக்னிக்கலா பாத்தா, கண்ணாடி தொடைக்க ஈஸி.

— இந்த டெக்னிக்கலா இன்னும் விடலியா உங்கள? விவாகரத்துக் கேஸுலயும் இதத்தானே சொன்னீங்க. டெக்னிக்கலா பாத்தா நான் வீட்லதான் இருந்தேன்னு.

— அத விடு. பொண்ண மேல வரச் சொல்லு. கீழ ஆட்டோலயே உக்காந்திருக்காளா?

— மொதல்ல இத முடிப்போம், அதுவரைக்கும் ஆமை என் கூடையிலேயே இருக்கட்டும். ஏன் இப்படிக் குளிருது?

— ஏசி, பதினெட்டுல. ஊருக்கே ஏசி மாட்டறவன் வீட்ல அது வேர்த்துக்கிட்டு இருக்கலாமா?

— ஆமைக்கு வேர்க்காதுங்க. அதுக்கு உடம்புச் சூடே வெளியிலேர்ந்துதான் வரணும். ஒரு மூலை சுடணும், எதிர் மூலை ஆறியிருக்கணும். வேணும்னா இங்க வரும், போதும்னா அங்க போகும். இந்தக் குளிர்ல ரெண்டே நாள்ல மூக்கு ஒழுகிக் கண்ண மூடிடும்.

— பல்பு போட்டிருக்கேனே.

— கக்கூஸ் பல்பு. வெயிலுக்குப் பதிலா அதுக்குன்னே விளக்கு விக்கறான். அது இல்லேன்னா ஓடு மெத்துனு போயிடும்.

— ஜன்னல்ல வெயில் அடிக்குதுல்ல?

— மூடின கண்ணாடி வழியா சூடுதான் வரும், ஓட்டுக்கு வேண்டிய சத்து வராது. அப்புறம் இந்த அண்டா யாரு குளிக்க? இது தரை ஆமை, கவுந்து விழுந்தா மூழ்கிடும். தட்டு ஒண்ணுல தண்ணி வெச்சா ஆச்சு.

— உங்கம்மா சரியாத்தான் சொன்னாங்க, ஆமை புகுந்த வீடு உருப்படாதுன்னு.

— நீங்க புகுந்தப்பவே எங்க வீடு உருப்படல. பாவம், வாயில்லா ஜீவன், அது மேல ஏன் பழி?

— நான் செஞ்சதுல ஒண்ணுகூடவா தேறல?

— இருங்க. இந்த ஒடஞ்ச பானை எதுக்கு?

— ஒளிஞ்சுக்க. யார் கண்ணுலயும் படாம இருக்க அதுக்கு ஒரு எடம் வேணும்ல? தோண்டிப் படுக்க மண்ணும் ஆழமா போட்டிருக்கேன்.

— அது மட்டும் சரியா இருக்கு. ஒளியறதுல உங்கள மிஞ்ச ஆளு ஏது? புள்ள காய்ச்சல்ல பொலம்பினப்ப மொட்டை மாடியில ஏசி மெஷின் பாக்கறேன்னு போய் நின்னவராச்சே.

— சரி, தப்புதான். எல்லாமே தப்புதான். இதோ ஏசிய அணைச்சுட்டேன். நாளைக்கே பலகை வாங்கறேன், நீ சொன்ன விளக்கும் வாங்கறேன். சனிக்கிழமைதோறும் அவ இங்க வரலாம்னு தீர்ப்பு வந்ததுலேர்ந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் ஜன்னல்லதான் நிக்கறேன், ஒரு தடவைகூட வரல. இந்த ஆமைய விட்டு அவ ஒரு ராத்திரி இருந்ததில்ல. ஆமை இங்க இருந்தா அவளும் இருப்பா. கூப்பிடு அவள.

— கீழ யாரும் இல்லீங்க.

— ஆமை வந்தா அவளும் வருவான்னு நீதானே சொன்ன?

— நான் சொல்லல. நீங்களா நெனச்சுக்கிட்டீங்க. அவ சொன்னது வேற.

— என்ன சொன்னா?

— "மொதல்ல ஆமைய அனுப்பும்மா. லீவு முடியற வரைக்கும் அது அப்பாகிட்ட உயிரோட இருந்தா, நானும் போறேன்"னா.