பின் சீட்டுக்காரன்

ராத்திரி பதினொன்றரை இருக்கும். நந்திதுர்க் தாண்டி, தங்கம் எடுத்துட்டு கொட்டுன சயனைட் மண்ணு மேட்டை ஒட்டி ஒரு ரோடு போவுதில்ல… அந்த ரோடு. லைட்டு கெடையாது, வீடு கெடையாது. அங்க ஒரு பழைய ரேஸ் காரு நின்னுக்கினு இருந்தது. உள்ள ஒரே ஒரு ஆளு.

எழிலா, மொதல்ல அந்த செல்போன் லைட்டை அணை. பெட்டியில கரண்ட்டு இல்ல, சிக்னலும் வுழல, டிரெய்ன் எப்ப எடுப்பான்னு அவனுக்கே தெரியாது. கதை கேக்கணும்னா இருட்டுல கேளு. நிவேதா, பயமாயிருந்தா இந்தப் பக்கம் வந்து ஒக்காந்துக்கோ. அப்பால என்னைத் திட்டக் கூடாது.

நம்ம திலீப்போட மாமா கிளமெண்ட்டு. ஊரிகம் ஸ்டேஷன்ல ஏறி, இதே டிரெய்ன்ல பெங்களூருக்கு வேலைக்குப் போய்க்கினு இருந்தவரு. ஞாயித்துக்கெழமை ஆனா சர்ச்சு வுட்டு நேரா ஷெட்டுக்குப் போயிடுவாரு. உள்ள ஒரு காரு. மைன்ஸ் ஆபீசரு ஒரு வெள்ளக்காரன் வுட்டுட்டுப் போனது. டாப்பு, கதவு எல்லாம் வெட்டிப் போட்டு, ரேசுக்குன்னே பண்ண வண்டி. ரெண்டே சீட்டு, ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு. இன்ஜின் மேல அலுமினிய ஹெட்டு, ஜோடி கார்புரேட்டரு. காரு கம்பெனி குடுத்த சாமான் இல்ல அது. வேகத்தைக் கூட்டுறதுக்குன்னே அந்தக் காலத்துல அமெரிக்காவுல தனியா வித்தாங்க. தொரை கப்பல்ல வரவழைச்சு மாட்டினது. அந்தச் சாமான் இல்லன்னா அது வெறும் தகரம்.

கூட்டாளி ஜெயகரன். நந்திதுர்க்குல வீடு. எப்பவும் வாயில கிராம்பு, கிட்ட வந்தா வாசனை அடிக்கும். ரெண்டு பேரும் வருஷக்கணக்கா அந்த வண்டியோட கெடந்தாங்க. ஷெட்டுக்கு ரெண்டு சாவி… ஒண்ணு இவர்கிட்ட, ஒண்ணு அவன்கிட்ட.

இப்ப ஒண்ணு சொல்றேன், கவனமா கேளுங்க. கிளமெண்ட்டோட அப்பா மைன்ஸ்ல வைண்டிங் டிரைவரு. சுரங்கத்துக்குள்ள ஆளுங்களை எறக்குற கூண்டு, அந்தக் கேஜை மேல கீழ வுடுறவரு. கேஜும் அவரு கண்ணுக்குத் தெரியாது, உள்ள கீற ஆளும் தெரியாது. மணி சத்தம்தான் கேக்கும். மூணு அடிச்சா ஆள் ஏறியாச்சு, எடு. ஒண்ணு அடிச்சா நிறுத்து. மணியை நம்பாதவன் அந்த வேலைக்கே லாயக்கில்ல.

அதையே இவங்க காருக்கும் வெச்சுக்கினாங்க. ஓட்டுறவரு பள்ளமா ஒக்காந்திருப்பாரு, நீட்டு பானட்டுக்கு அப்பால ரோடு தெரியாது. பின் சீட்டு ஒசரம். ஜெயகரன் அங்க ஒக்காந்து, நடுவுல கீற தகட்டுல ஸ்பேனரால தட்டுவான். இன்ஜின் போடுற கூச்சல்ல காதுல கேக்காது, முதுகெலும்புல அதிரும். மூணு தட்டுனா கிளம்பு. வளைவு வந்தா ஒரு தட்டு. கிளமெண்ட்டு ஒரு நாளும் திரும்பிப் பாத்ததில்ல.

போன வருஷம் ஜெயகரன் மஞ்சக்காமாலையில போய்ட்டான். கிளமெண்ட்டு பொணத்தைத் தூக்கிக்கினு அழுத அழுகை இன்னும் நம்ம லைன் வீடுங்கள்ல பேசிக்குவாங்க.

அப்பால பெங்களூருல பழைய காருங்களுக்கு ஒரு ரேலி. வண்டியைப் பாக்க சம்பங்கின்னு ஒரு நிபுணரு வந்தாரு. பானட்டைத் தூக்கி, ஹெட்டைத் தட்டிப் பாத்தாரு.

"சார், இது பழசு இல்ல. பழசைப் பாத்து வார்த்த டூப்ளிகேட்டு. கார்புரேட்டரும் அப்படித்தான்."

கிளமெண்ட்டு விரலை வெச்சுத் தடவினாரு. பழைய ஹெட்டுல ஒரு மூலை உடைஞ்சிருக்கும், அவரு கையாலயே சுத்தியல் வுழுந்து உடைஞ்சது. இதுல மூலை முழுசா இருந்தது. ஷெட்டு சாவியை எடுத்து உள்ளங்கையில அழுத்திக்கினாரு. சாமான் போனதுக்கு இல்ல… ரெண்டாவது சாவி யார் கையில இருந்துச்சு?

சாயந்திரமே ஜெயகரன் பொண்டாட்டி லவினா வீட்டுக்குப் போனாரு. "சாமானை மாத்தியிருக்காங்கம்மா. அவன் இன்னா பண்ணான், உனக்கு இன்னா தெரியும்?" அவ தலையைக் குனிஞ்சிக்கினு, "எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணா" ன்னா.

தூக்கம் எங்க வரும்? எழுந்து போய் வண்டியை எடுத்தாரு. அவங்க எப்பவும் ஓட்டிப் பாக்குற அந்த ரோட்டுல கொண்டாந்து நிறுத்துனாரு. இன்ஜின் ஓடிக்கினே இருக்கு. ஸ்டியரிங்கைப் புடிச்சிக்கினு, சின்னப் புள்ளையாட்டம் கேட்டாரு.

"ஜெயா… நீயாடா எடுத்த? இல்லன்னு சொல்லு. நான் நம்பிட்டுப் போறேன்."

கிராம்பு வாசனை.

அப்பால முதுகுல… டக். டக். டக்.

காலு தானா அழுத்திச்சு. வண்டி பாய்ஞ்சது. பயமா? பயமே இல்லியாம். அழுதுக்கினே ஓட்டினாராம். திருடனா இருந்தா என்னைத் தேடி வருவானா, என் ஜெயன் எடுக்கல… இதேதான் மனசுல ஓடிக்கினு இருந்துச்சு. காத்துல சயனைட் மண்ணு மூஞ்சில அறையுது. பின்னால கிராம்பு வாசனை வுடவே இல்ல.

முன்னால வளைவு. நேரா போனா பழைய ஷாஃப்ட்டு, கேஜு எறங்குன பாதாளக் குழி. சுத்துச் சுவத்தைக் கல்லுக்காக எவனோ பேத்துக்கினு போய்ட்டான். எப்பவும் அந்த எடத்துக்கு முன்னாடியே ஒரு தட்டு வுழும். கிளமெண்ட்டு முதுகால கேட்டுக்கினு இருந்தாரு. வரல. ஜெயன் பாக்குறான், அவன் சொல்லுவான்… இன்னும் வரல.

திடீர்னு மூஞ்சில சில்லுனு ஒரு காத்து. ஈரக்கல்லு, மக்குன மரம், துருப்பிடிச்ச இரும்பு. ஷாஃப்ட்டு வாசனை. நம்ம ஊருக்காரனுக்கு அது தெரியாம இருக்குமா? பிரேக்குல ஏறி மிதிச்சாரு. முன் சக்கரம் ரெண்டும் தொங்கிடுச்சு, அடித்தகடு கல்லுல சிக்கி வண்டி நின்னுச்சு. இன்ஜின் செத்துப் போச்சு. ஒரு கல்லு உள்ள வுழுந்து… சுவத்துல பட்டு… மறுபடியும் பட்டு… அடியில வுழுந்த சத்தமே கேக்கல.

மூச்சு வுடல அவரு. அசைஞ்சா வண்டி போயிடும்.

பின்னால டக். டக். டக்.

கிளம்புன்றான்.

கிளமெண்ட்டு பக்கவாட்டுல குதிச்சு, மண்ணுல பொரண்டு, செருப்பு கூட இல்லாம வீடு வரைக்கும் ஓடுனாரு. வண்டி அங்கியே தொங்கிக்கினு இருந்துச்சு.

விடிஞ்சதும் நேரா லவினா வீட்டுக்குத்தான் போனாரு. கதவைத் தொறந்தவ, இவரைப் பாத்துட்டு அப்படியே நிலையைப் புடிச்சிக்கினா. ராத்திரி பூரா தூங்காத மூஞ்சி.

"மன்னிச்சிருண்ணா. வித்தது அவருதான். நீங்க உசுரோட இருக்குற வரைக்கும் உங்களுக்குத் தெரியவே கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினாரு."

அவ உள்பக்கம் ஒரு தரம் திரும்பிப் பாத்துட்டு, கொரலைத் தாழ்த்திக்கினா.

"நேத்து நீங்க போனதுக்கப்பால அவரு வந்தாருண்ணா. கட்டில் பக்கத்துல நின்னுக்கினு, 'கிளமெண்ட்டுக்குத் தெரிஞ்சிடுச்சா?' ன்னு கேட்டாரு. நான் ஆமான்னு சொல்லிட்டேன். சரி, நான் பாத்துக்கிறேன்னு சட்டையை மாட்டிக்கினு கிளம்பிப் போனாரு… இன்னும் வீட்டுக்கு வரல."